ராஃபிள்ஸ் விடுதி நின்றது, கிட்டங்கி மறைந்தது: சுற்றுலா ஆண்டில் ஜொகூர் தமிழர் கேட்க வேண்டிய கேள்வி

பத்து பாகாட் – 2026 மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு. ஜொகூரும் அதே ஆண்டைத் தன் வருகை ஆண்டாக அறிவித்துள்ளது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த் வரை 4 கிலோமீட்டர் தூரம் ஓடப்போகும் ஆர்.டி.எஸ். ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆள் வரவு கூடும், பணமும் கூடவே வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் 'பாரம்பரியச் சுற்றுலா'. பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, அதன் கதையைச் சொல்லி, வருகிறவர்களிடம் காசு பார்க்கும் தொழில் அது. அதில் தவறில்லை. ஆனால் எந்தக் கட்டடம் பாரம்பரியம் ஆகிறது, எது வெறும் பழைய கட்டடமாக இடிபடுகிறது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்த முடிவில் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு இடம் இருக்கிறதா?

இதற்கு விடை தேட நமக்கு மிக அருகில் உள்ள பாடம், சிங்கப்பூர் பீச் ரோட்டில் நிற்கும் ராஃபிள்ஸ் தங்கும் விடுதி. ஜொகூர்த் தமிழர் பலர் அந்த வழியாகப் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறார்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்திருப்பார்கள். உள்ளே போனவர்கள் குறைவு. அங்கு ஓர் இரவு தங்க 1,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ஆகும். நம் பணத்தில் அது 3,000 ரிங்கிட்டைத் தாண்டும். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த வெள்ளைச் சுவர் எவ்வளவு உயரம் என்பது புரியும்.

பத்து அறையில் தொடங்கிய கதை

1887 டிசம்பர் 1ஆம் தேதி, கடலைப் பார்த்து நின்ற ஒரு பழைய பங்களாவில் 10 அறைகளுடன் இந்த விடுதி திறக்கப்பட்டது. நடத்தியவர்கள் சார்க்கீஸ் சகோதரர்கள். ஈரானின் இஸ்பஹான் நகரத்து ஆர்மீனியர்கள். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியும், பர்மாவில் ரங்கூனின் ஸ்ட்ராண்ட் விடுதியும் அவர்கள் கைவண்ணமே. பிரிட்டிஷ் கப்பல்கள் நின்ற துறைமுகங்களில் அவர்களுடைய விடுதிகள் எழுந்தன.

ஆனால் பங்களா அவர்களுடையது அல்ல. அதன் சொந்தக்காரர் சையத் முகமது அல்சாகோஃப் என்ற அரபு வணிகர். ஜொகூர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பெயர் இது. ஜொகூரை ஆண்ட அபு பக்காரிடமிருந்து குக்குப் பகுதியில் பெரும் நிலச் சலுகை பெற்று, 'கான்ஸ்டாண்டிநோப்பிள் தோட்டம்' என்ற பெயரில் பயிர் செய்தவர் இவரே. பொந்தியான் கடற்கரையில் காடு வெட்டித் தோட்டம் போட்டவரும் பீச் ரோட்டில் பங்களாவை வாடகைக்கு விட்டவரும் ஒருவர்தான். ஜொகூர் மண்ணும் சிங்கப்பூர் மாளிகையும் தொடக்கத்திலிருந்தே ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் இருந்திருக்கின்றன.

விடுதி வேகமாக வளர்ந்தது. 1894இல் பாம் கோர்ட் பகுதி. 1899 நவம்பரில், இன்று நாம் பார்க்கும் மூன்று மாடி முதன்மைக் கட்டடம். 1904இல் பிராஸ் பாசா பகுதி. முதன்மைக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் ரீஜண்ட் ஆல்ஃபிரட் ஜான் பிட்வெல். இவர் சிங்கப்பூர் செல்லுமுன் சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். கோலாலம்பூர் சுதந்திரச் சதுக்கத்துக்கு எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் வடிவமைப்பில் இவருடைய கை உண்டு. சுதந்திரத்தின்போது மலாயாக் கொடி ஏறிய இடத்துக்கு எதிரே உள்ள கட்டடமும் சிங்கப்பூரின் மிகப் புகழ்பெற்ற விடுதியும் ஒருவரின் வரைபலகையில் உருவானவை.

வெயிலுக்கும் மழைக்கும் கட்டிய வீடு

ராஃபிள்ஸின் கட்டடக்கலையைப் பற்றிப் பேசும்போது தூண், வளைவு, முக்கோண முகப்பு, ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணி என்று அடுக்குவார்கள். அவையெல்லாம் உண்மைதான். உணவுக்கூடத்தில் இத்தாலியின் கராரா வெண்பளிங்கு பதித்திருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டடம் நிலைத்ததற்கு அலங்காரத்தைவிட முக்கியமான காரணம் அதன் காற்றோட்டம்.

குளிர்சாதனம் இல்லாத காலம் அது. அதனால் கூரை உயர்ந்தது. சூடான காற்று மேலே போக, தங்கியவர்கள் கீழே குளிர்ச்சியாக இருந்தார்கள். அறைக்கு வெளியே அகன்ற விராந்தை போட்டார்கள். வெயில் சுவரில் நேராக விழாது, மழைச்சாரலும் அறைக்குள் வராது. முன் கூடம் மூன்று மாடி உயரத்துக்கும் திறந்து நிற்கிறது. அதைச் சுற்றி மரப்படிகளும் நடைகளும். கட்டடத்தின் நடுவே ஒரு புகைபோக்கிபோல அது காற்றை இழுத்து மேலே அனுப்புகிறது. 1899இல் மின்விளக்கும் மின்விசிறியும் வந்தபோது கையால் இழுக்கும் பங்காவுக்கு வேலை குறைந்தது. பங்கா இழுத்தவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை.

இந்த விராந்தை நமக்குப் புதிதல்ல. பத்து பாகாட் ஜாலான் ரஹ்மாட் பக்கத்துக் கடைவீடுகளின் ஐந்தடியில் நாம் நடப்பதும் அதே நிழலில்தான். தோட்டத்து லயத்துக்கு முன்னால் ஓடிய நீண்ட விராந்தையும் அதே அறிவில் பிறந்ததுதான். வித்தியாசம் அளவில் இருந்தது. விடுதியில் ஒருவருக்கு ஒரு தொகுதி அறைகள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். ஒரே வெயிலுக்குக் கட்டிய இரண்டு கட்டடங்களில் ஒன்று தேசிய நினைவுச்சின்னம் ஆனது. மற்றது, தோட்டம் கைமாறிய அன்றே மண்வாரி இயந்திரத்துக்கு இரையானது.

கிட்டங்கி என்ற நம் விடுதி

'நம்மவர்களிடம் அப்படிப்பட்ட கட்டடம் எதுவும் இல்லையே' என்று சிலர் சொல்லக்கூடும். இருந்தது. ராஃபிள்ஸ் எழுந்த அதே காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கடைவீட்டின் நீண்ட தரைக்கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஓர் இடம். ஒரு சிறு கணக்கு மேசை, ஒரு பெட்டி, உட்கார ஒரு பாய். பகலில் வட்டிக்கடை, இரவில் அதே பாயில் தூக்கம். சமையல் பொது. காரைக்குடியிலிருந்தோ தேவகோட்டையிலிருந்தோ வந்த இளைஞர் மூன்று ஆண்டுக் கணக்கு முடியும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

தொழில் செய்ய வந்தவர் தங்கும் இடம் என்ற பொருளில் கிட்டங்கியும் ஒரு விடுதியே. சொல்லப்போனால், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் சிறு வணிகருக்கும் கடன் ஓடியது அந்தப் பாய்களிலிருந்துதான். பொருளாதார வரலாற்றில் கிட்டங்கியின் கனம் எந்த ஆடம்பர விடுதிக்கும் குறைந்ததல்ல. ஆனால் நகர மையத்தைப் புதுப்பித்து வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு இடம் எடுத்தபோது மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. ராஃபிள்ஸோ 1987இல், தன் நூற்றாண்டில், தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதை இன வஞ்சகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கிட்டங்கியின் சொந்தக்காரர்கள் பலர் தொழிலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார்கள். கட்டடத்துக்குப் புதுப் பயன்பாடு தேடவும், அதன் கதையை ஆங்கிலத்திலும் மலாயிலும் சொல்லவும் ஆளில்லை. வெளித்தோற்றத்தில் அது சாதாரணக் கடைவீடு. பாரம்பரியப் பட்டியலோ தூணையும் வளைவையும் எளிதாக அடையாளம் கண்டுகொள்ளும், பாயையும் பெட்டியையும் அவ்வளவு எளிதாகக் காணாது. நம் பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

பால் விலையும் விடுதி விளக்கும்

ராஃபிள்ஸின் பொற்காலம் ரப்பரின் பொற்காலம். தோட்டத்துத் துரைமார் லீவு கிடைத்ததும் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போனார்கள். விடுதியில் ஆடினார்கள், குடித்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். உற்பத்தியைக் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டம் 1922இல் வந்தது. 1925இல் ரப்பர் விலை உச்சம் தொட்டது. சார்க்கீஸ் சகோதரர்களின் விடுதிகள் பெரிதாகின.

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போனது. துரைமார் போட்ட கையெழுத்துகள் வராக்கடன் ஆயின. 1931இல் ராஃபிள்ஸ் கடன்காரர்களின் பொறுப்பில் போனது. அதே ஆண்டு பினாங்கில் அர்ஷாக் சார்க்கீஸ் இறக்க, குடும்ப நிறுவனம் திவாலானது. 1933இல் ராஃபிள்ஸ் புதிய பொது நிறுவனத்தின் கைக்கு மாறியது. விடுதி வரலாற்று நூல்கள் இதைச் சோகமான அத்தியாயமாக எழுதுகின்றன.

அதே சரிவு தோட்டத்தில் எப்படி இருந்தது? 1928இல் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது 40, 32 காசாக வெட்டப்பட்டது. பிறகு இன்னும் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாயாவில் பிறந்த பிள்ளைகள் தாங்கள் பார்த்தேயிராத ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள்.

ஒரே விலைச் சரிவு. ஒரு பக்கம் விடுதியின் திவால், இன்னொரு பக்கம் கூலியின் அரைவயிறு. முதலாவது நூல்களில் இருக்கிறது. இரண்டாவதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. கட்டடம் நிற்கும் இடத்தில் கதை நிற்கும், கட்டடம் போனால் கதைக்குத் தங்க இடமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

ஸ்ரீ மேடான் இரும்பு, சயாம் ரயில்

பத்து பாகாட் மாவட்டத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1920களின் தொடக்கத்தில் ஸ்ரீ மேடானில் ஜப்பானின் இஷிஹாரா நிறுவனம் இரும்புச் சுரங்கம் தொடங்கியது. இங்கிருந்து ஆற்று வழியே போன தாது ஜப்பானின் உருக்காலைகளுக்குச் சென்றது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை இதே பத்து பாகாட்டில் போரிட்டுத் தெற்கே இறங்கியது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ராஃபிள்ஸ் விடுதியின் பெயர் 'ஷோனான் ரியோக்கான்' ஆனது. ஜப்பானிய அதிகாரிகள் தங்கினார்கள்.

1945இல் போர் முடிந்ததும் அந்த விடுதி, விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளுக்கு இடைத்தங்கலானது. கைதிகள் சிலகாலமேனும் கூரையின்கீழ் படுத்து ஊர் திரும்பினார்கள். அதே போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் உயிர் பிழைத்தவர்களுக்கு எந்த மாளிகையும் கதவு திறக்கவில்லை. இறந்தவர்களில் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல்லும் இல்லை. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்திலோ நேசநாட்டு வீரர்களின் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன.

எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

1989 முதல் 1991 வரை ராஃபிள்ஸை மூடி, 16 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் புதுப்பித்தார்கள். பழமையை மீட்பது என்றால் முதலில் எந்த ஆண்டின் பழமை என்று முடிவு செய்ய வேண்டும். அவர்கள் தேர்ந்த ஆண்டு 1915. பின்னாளில் சேர்த்த நடனக் கூடத்தை அகற்றினார்கள். முன்பு இருந்து பிறகு காணாமற்போன வார்ப்பிரும்பு முகப்பை மீண்டும் எழுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஹைனானிய மதுக்கூடப் பணியாளர் ஙியாம் தோங் பூன் கலந்து கொடுத்ததாகச் சொல்லப்படும் 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானம் இன்றும் அங்கே விற்பனையாகிறது. அந்த விடுதியின் பழைய தொழிலாளர்களில் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஏறக்குறைய அவருடையது ஒன்றுதான். விற்கக்கூடிய ஒரு பொருளோடு ஒட்டியிருந்ததால் அந்தப் பெயர் பிழைத்தது.

1915ஆம் ஆண்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். 5ஆம் இலகு காலாட்படையைச் சேர்ந்த வட இந்திய முஸ்லிம் வீரர்கள் அவர்கள். கலகத்தை அடக்க ஜொகூர் சுல்தான் இப்ராஹிமின் படையும் உதவிக்குப் போனது. பின்னர் 47 சிப்பாய்கள் அவுட்ரம் சிறை மதிலோரம் பொதுமக்கள் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதிக்கு 1915 பொன்னான ஆண்டு. அந்த மதிலோரம் நின்றவர்களுக்கு அது கடைசி ஆண்டு.

இதனால் ராஃபிள்ஸைப் புதுப்பித்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. ஒரு கட்டடத்தை ஓர் ஆண்டுக்குத் திருப்பலாம். ஆனால் அந்த ஆண்டின் எல்லாக் கதைகளையும் ஒரு விடுதி சொல்லாது. மீதிக் கதையைச் சொல்ல வேறு கட்டடங்களும் வேறு மனிதர்களும் வேண்டும்.

2010இல் கத்தார் நாட்டு நிறுவனம் ஒன்று இந்த விடுதியை 27.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2017இல் மீண்டும் பணி தொடங்கி, 2019 ஆகஸ்டில் 115 தொகுதி அறைகளுடன் முழுமையாகத் திறந்தார்கள். ஆர்மீனியர் தொடங்கி, அரபு வணிகரின் நிலத்தில் வளர்ந்து, ஆங்கிலேயரின் பெயர் தாங்கி, இன்று கத்தாருக்குச் சொந்தமான ஒன்று சிங்கப்பூரின் அடையாளமாக நிற்கிறது. அது அப்படி நிற்பதற்கு இரண்டே காரணம். ஒன்று, சட்டப் பாதுகாப்பு. இரண்டு, கட்டடம் வருமானம் தரும் பயன்பாட்டில் இருப்பது.

இங்கே நடந்தது என்ன?

நம் நாட்டிலும் இரண்டு விதமான முடிவுகளையும் பார்த்திருக்கிறோம். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே 1932இல் திறந்த மஜெஸ்டிக் விடுதியை அரசு கையகப்படுத்தியது. 1984 முதல் 1998 வரை அது தேசிய ஓவியக் கூடமாக இருந்தது. பிறகு பழைய கட்டடத்தைக் காத்து, பின்னால் புதிய கோபுரம் சேர்த்து, 2012 டிசம்பரில் 300 அறை விடுதியாக மீண்டும் திறந்தார்கள்.

அதே கோலாலம்பூரில் ஜாலான் அம்பாங்கின் போக் மாளிகை 1929இல் கட்டப்பட்டது. பல்லாண்டு புகழ்பெற்ற உணவகமாக இருந்தது. தேசியப் பாரம்பரியச் சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006ஆம் ஆண்டு டிசம்பரில் அது இடிக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில், பினாங்கு ரன்னிமீட் விடுதி வளாகத்தின் துணைக் கட்டடங்கள் இடிபட்டன. அதன்பின் எழுந்த கூச்சல் கட்டடத்தைத் திரும்பக் கொண்டுவரவில்லை. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு இடிப்புகளும் காட்டின.

2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி, பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். நில உரிமையாளருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் ஆட்சேபிக்கலாம். நிலம் மாநில விவகாரம் என்பதால் மாநில அரசின் சம்மதமும் தேவை. தேசியப் பாரம்பரியமாக ஒன்றை அறிவிக்கும்படி அமைச்சருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. பட்டதாரியாகவோ கட்சிக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை. கோயில் தலைவரும் பள்ளி வாரியமும் ஓய்வுபெற்ற தண்டலும் முன்மொழியலாம்.

'சோற்றுக்கே வழியில்லை, சுவர் எதற்கு?'

இந்தக் கேள்வி நியாயமானது. அடையாள ஆவணம், வீடு, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று நம் மக்களுக்கு அவசரமான பிரச்சினைகள் வரிசையில் நிற்கும்போது பழைய சுவரைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம்.

பாரம்பரியம் என்ற பெயரிலேயே ஏழைகள் வெளியேற்றப்படுவதும் உண்மை. பினாங்கில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் தலைமுறைகளாக இருந்த வாடகைக்காரர்கள் பலர் வெளியேற நேர்ந்தது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்தபின் கட்டட விலையும் ஏறியது. சுவர் காப்பாற்றப்பட்டது, அதற்குள் வாழ்ந்த மனிதர் போனார். பத்து பாகாட்டில் நாளை பழைய கடைவீடுகள் வரிசையாகக் காப்பி கடைகளும் சிறு விடுதிகளும் ஆனால், ஐந்தடியில் பூ விற்பவருக்கும் மூலையில் தையல் இயந்திரம் போட்டவருக்கும் என்ன ஆகும்? நகராண்மைக் கழகம் திட்டம் தீட்டும்போதே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தீட்டி முடித்தபின் கேட்டால் பயனில்லை.

ஆனாலும் சுவருக்கும் சோற்றுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல முடியாது. ஒரு தோட்டம் மேம்பாட்டாளருக்கு விற்கப்படும்போது அங்கே கோயில் எத்தனை ஆண்டாக இருக்கிறது, பள்ளி எப்போது தொடங்கியது, லயத்தில் யார் யார் வாழ்ந்தார்கள் என்ற பதிவு இருந்தால் மாற்று நிலமும் மாற்று வீடும் கேட்கும்போது பேச ஓர் ஆதாரம் இருக்கும். பதிவில்லாத இடத்தில் நாம் 'வந்தேறிக் குடியிருந்தவர்கள்' ஆகிவிடுகிறோம். நூறாண்டு வாழ்ந்ததற்கான சாட்சி நம் கையில் இல்லாமற்போவதே நம் பெரிய இழப்பு.

உரிமை பற்றி நமக்கே ஒரு முன்னோடி இருக்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். சார்க்கீஸ் சகோதரர்களுக்குக்கூட ராஃபிள்ஸின் நிலம் தொடக்கத்தில் சொந்தமில்லை. நம் தோட்டத் தொழிலாளர்கள் மண்ணையே சொந்தமாக்கிக் காட்டினார்கள். கட்டடங்களின் வரலாற்றைக் காக்கவும் அதே கூட்டு முயற்சிதான் வேண்டும். அதற்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு.

பத்து பாகாட்டில் தொடங்கக்கூடியவை

முதலாவது, கணக்கெடுப்பு. யோங் பெங், பாரிட் சூலோங், ஸ்ரீ காடிங், பத்து பாகாட் பட்டணம் எனப் பகுதி பகுதியாக, தமிழரோடு தொடர்புள்ள கோயில், பள்ளி, லயம், புகைக்கூடம், பழைய கடை, மண்டபம் எல்லாவற்றையும் படமெடுத்து, நில எண்ணோடு பதிய வேண்டும். கைப்பேசி வைத்திருக்கும் ஐந்து இளைஞர்கள் போதும்.

இரண்டாவது, பெயர்ச் சேகரிப்பு. தோட்ட அலுவலகங்களின் பழைய செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் புத்தகம், கோயில் உபயப் பட்டியல் ஆகியவற்றில் நம் பாட்டன் பாட்டிகளின் பெயர்கள் இருக்கின்றன. தோட்டம் கைமாறும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது இந்தக் காகிதங்கள்தான். கட்டடத்தைக் காக்க முடியாவிட்டாலும் காகிதத்தைக் காக்கலாம்.

மூன்றாவது, முன்மொழிவு. கணக்கெடுப்பில் தேறும் இரண்டு மூன்று இடங்களையாவது தேசியப் பாரம்பரியத் துறைக்கும் ஜொகூர் பாரம்பரிய அறவாரியத்துக்கும் முறைப்படி மலாய் மொழியில் எழுதி அனுப்ப வேண்டும். நிராகரிக்கப்பட்டாலும் அது பதிவாகும்.

நான்காவது, தொழில். வருகை ஆண்டு என்றால் வழிகாட்டி வேண்டும், வண்டி வேண்டும், சாப்பாடு வேண்டும். ரப்பர் எப்படி வெட்டினார்கள், பால் எப்படி உறையவைத்தார்கள், தகடு எப்படிப் புகையேற்றினார்கள் என்று செய்து காட்டத் தெரிந்தவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். ராஃபிள்ஸ் தன் 1915ஐ விற்கிறது. நம் பெரியவர்களின் அறிவுக்கும் விலை உண்டு. ஆனால் அது அவர்கள் இருக்கும்வரைதான். உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாக நம் இளைஞர்கள் பயிற்சி பெற்றால், அந்தக் கதையை வேறொருவர் தப்பும் தவறுமாகச் சொல்லிக் காசு வாங்கும் நிலை வராது.

ஆர்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கியதும் சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பழைய ஜொகூரைத் தேடுவார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு பட்டியல் எப்படியும் தயாராகும். சுற்றுலாத் துறையும் மேம்பாட்டாளர்களும் அதைத் தயாரிப்பார்கள். அதில் தமிழர் பெயரில் ஒரு வரியாவது இருக்க வேண்டுமென்றால், பட்டியல் அச்சேறுவதற்கு முன் நம் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிக்காக அன்று யாரும் ஒரு கடிதமாவது எழுதியிருந்தால், சுவர் போயிருந்தாலும் அந்தத் தெருமுனையில் ஒரு பெயர்ப்பலகையாவது தமிழில் மிஞ்சியிருக்கலாம். பத்து பாகாட்டில் அந்தக் கடிதத்தை எழுத இன்னும் நேரம் இருக்கிறது.